இரக்கம் இல்லாத வைத்தியம்

எங்கள் வீட்டு மாடியில் சில வருஷம் குடியிருந்த ஒரு அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நல்ல விதமாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்று என் மனைவி சரோஜா சொல்லியிருக்கிறாள். எழுதிப் பார்க்கிறேன். ஆனால் அந்த அம்மாவை எனக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. அதை மறைத்துவிட்டு எழுத என்னால் முடியாது.

தெருவில் எல்லோரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். திருநெல்வேலிப் பக்கம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனது. மகனுக்கு ஒரகடத்தில் இன்ஜினியர் வேலை கிடைத்ததும் அவனுக்குச் சமைத்துப் போடுவதற்காக வந்தது. எங்கள் ஊரில் யார் வீட்டு மாடி காலியானாலும் தெற்கத்திக்காரர்கள்தான் வருவார்கள். பையன்கள் நாலைந்து பேராக வருவார்கள், ஷிப்டுக்குப் போவார்கள், தூங்குவார்கள், ஒரு தொல்லையும் இருக்காது. அம்மாவும் பிள்ளையும் என்றால் குடும்பமாக இருக்குமே என்று நம்பி வாடகைக்கு விட்டேன்.

நைலக்ஸ் புடவை, தோளில் சேப்டி பின், வீட்டுக்குள்ளும் செருப்பு. மாடியில் அது நடந்தால் கீழே எனக்குத் தலைக்கு மேல் டக் டக் என்று கேட்கும். இன்னும் வார்டில் ரவுண்ட்ஸ் போகிற நினைப்பு. யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்காது. முதலில் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கும், அப்புறம் நகத்தை, அப்புறம்தான் முகம். சாப்பிட்டாச்சா, நல்லா இருக்கீங்களா என்று மனுஷர்கள் கேட்கிற கேள்வி எதுவும் அதன் வாயில் வராது.

வந்தது ஒரே ஒரு கேள்விதான். எதிர்வீட்டுக்காரர் முட்டி வலி உயிர் போகுதும்மா என்பார். "அதுக்கு என்ன செஞ்சீங்க?" கடைக்கார அம்மா, சுகர் ஏறிடுச்சி நர்ஸம்மா என்று கண் கலங்குவாள். "அதுக்கு என்ன செஞ்சீங்க?" ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்லாது.

எங்கள் தெருவில் ஒருத்தர் கன்டெய்னர் லாரி மோதிச் செத்துப்போனார். அவர் பெண்டாட்டி அழுது அழுது மயங்கி விழுகிறாள். சுற்றி இருபது பெண்கள் கட்டிப் பிடித்து அழுகிறார்கள். இந்த அம்மா உள்ளே போனது. "எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க" என்று விரட்டியது. அவளை நிமிர்த்தி உட்காரவைத்து உப்புப் போட்ட கஞ்சியைக் குடிக்கச் சொன்னது. "அழுகதுக்குத் தெம்பு வேண்டாமா? குடி" என்றது. இழவு வீட்டில் பேசுகிற பேச்சா இது? கல் நெஞ்சுக்காரி என்று அன்றைக்குத் தெருவே சொன்னது. நானும் சொன்னேன்.

இனி என் கதை. நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் தகடு அடிக்கிற பவர் பிரஸ் ஓட்டியவன். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று வாரத்துக்கு ஒரு தரம் உடம்பைத் திருப்பிப் போட்டே காலம் போனது. ரிட்டையர் ஆன பிறகு ராத்திரியில் படுத்தால் உடம்பு சி ஷிப்டுக்குப் போகத் தயாராக இருக்கும். கண் மூடாது. கொஞ்சம் அசந்தாலும் பிரஸ் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் காதில் விழும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். நாள் கணக்கில் இல்லை, வருஷக் கணக்கில் இப்படி.

தூக்கம் வராதவன் படுகிற பாடு பட்டவனுக்குத்தான் தெரியும். வீடு முழுக்க மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். நமக்கு மட்டும் பொழுது நகராது. லைட்டைப் போடுவேன். டிவியைப் போடுவேன். "தூங்கிட்டியா?" என்று சரோஜாவைக் கேட்பேன். அவள் எழுந்து டீ போட்டுக் கொடுப்பாள். முதுகு தேய்த்துவிடுவாள். பகலில் நான் கண் அயர்ந்தால் வீட்டில் யாரும் பாத்திரம் உருட்ட மாட்டார்கள். டீக்கடைக்குப் போனால், "அண்ணே, நேத்தாவது தூங்கினியா?" என்று நாலு பேர் கேட்பார்கள். இல்லப்பா என்பேன். உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அது ஒரு ஆறுதல்.

அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் தெரிந்த ஆளிடம் கேட்டு மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்தேன். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. பிறகு ஒன்று போதவில்லை. ஒருநாள் விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவன், கால் எங்கே வைக்கிறேன் என்று தெரியாமல் வாசற்படியில் மோதி விழுந்தேன். தாடை கிழிந்து ரத்தம். சரோஜா போட்ட கூச்சலில் மாடியிலிருந்து நர்ஸம்மா இறங்கி வந்தது.

காயத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டது. வலிக்குதா என்று கேட்கவில்லை. தலையணைக்கு அடியில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தது.

"இத யாரு எழுதிக் குடுத்தா, அண்ணாச்சி?"

"மெடிக்கல்ல குடுத்தாங்கோ."

"மெடிக்கல்காரன் உங்களுக்கு மாமனா மச்சானா? தாடையோட போச்சு. இடுப்பு ஒடிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"தூக்கம் வர்ல, இன்னாம்மா பண்ண சொல்ற?"

"சரி. தூக்கம் வரலை. அதுக்கு மாத்திரை போட்டத விட்டா வேற என்ன செஞ்சீங்க?"

என் மகன் முரளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அந்தக் கேள்விக்கு அவனும் என் முகத்தைப் பார்த்தான். அன்றைக்குப் பிடித்தது எனக்கும் அந்த அம்மாவுக்கும் பகை.

மறுநாள் முரளியோடு சேர்ந்து என்னை கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது. டாக்டர் சுகர், பிரஷர், குறட்டை, சிறுநீர் எல்லாம் விசாரித்துவிட்டு, மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அதோடு தூங்குகிற பழக்கத்தை மாற்ற வேண்டும் என்றார். "கூட இருந்து பாத்துக்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "நான் பாத்துக்கிடுதேன்" என்றது நர்ஸம்மா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முரளி கையெடுத்துக் கும்பிட்டான். சொந்த மகனே என்னை ஒப்படைத்துவிட்டு வந்தான்.

வைத்தியம் என்றால் நமக்கு ஏதாவது கொடுப்பார்கள். கஷாயமோ, தைலமோ, ஒரு பொடியோ. இந்த அம்மா என்னிடமிருந்து எடுத்துக்கொண்டேதான் இருந்தது. படுக்கை அறையிலிருந்து டிவியை எடுத்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னது. சாயங்கால டீயை நிறுத்தியது. பகல் தூக்கத்தைப் பிடுங்கியது. கடைசியில் கட்டிலையே பிடுங்கியது.

"அண்ணாச்சி, நீங்க சாயங்காலம் சாப்பிட்ட கையோட படுத்தா விடியுத வரைக்கும் கட்டில்ல கெடக்கீங்க. தூங்குதது அதுல பாதி. மிச்ச நேரம் அங்ஙன உங்களுக்கு என்ன சோலி?"

"படுத்தாத்தானே தூக்கம் வரும்?"

"இத்தன வருசமா வந்துச்சா? கட்டில்ல ஏறினா முழிச்சுக் கெடக்கணும்னு உங்க உடம்பு படிச்சு வச்சிருக்கு. அத மறக்க வைக்கணும். கண்ணு சொக்குனாத்தான் கட்டிலுக்குப் போகணும். அது வரைக்கும் கூடத்துல உக்காருங்க. படுத்து தூக்கம் வரலியா, எந்திரிச்சு மறுபடியும் கூடத்துக்கு வாங்க. லைட்டப் போட்டு வீட்ட எழுப்பக் கூடாது. சரோஜா மதினியக் கூப்பிடக் கூடாது. டீ கேக்கக் கூடாது. எப்பத் தூங்கினாலும் காலையில ஒரே நேரத்துக்கு எந்திரிக்கணும்."

"ராத்திரி தூங்கலன்னா?"

"தூங்கலன்னாலும் எந்திரிக்கணும்."

நீ மனுஷிதானா என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி, காலையில் வெயில் படுகிற இடத்தில் நடக்க வேண்டும் என்று அடுத்த உத்தரவைப் போட்டது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து எனக்குக் கண் சுழலும் நேரம் பார்த்து இறங்கி வரும். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. "ஆஞ்சு குடுங்க அண்ணாச்சி" என்று மடியில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்ளும். பவர் பிரஸ் ஓட்டின கை. உட்கார்ந்து கீரை ஆய்ந்தது. தலை சாய்ந்தால், "அண்ணாச்சி!" என்று வார்டில் கூப்பிடுகிற குரல். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். கீரை இல்லாத நாளில் பூண்டு. பூண்டு இல்லாத நாளில் அரிசியில் கல் பொறுக்க வேண்டும். கடையில் வாங்கின அரிசியில் கல்லே இருக்காது. இருந்தாலும் பொறுக்க வேண்டும்.

என் டிவிஎஸ் வண்டிச் சாவியையும் முரளியிடம் சொல்லி வாங்கி வைத்துவிட்டது. "தூக்கம் கொறையுத காலத்துல அந்த லாரி போற ரோட்டுல வண்டி எடுத்தீங்கன்னா நீங்க மட்டுமா சாவீங்க?" என்றது. வாலாஜாபாத்தில் என் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குக்கூட பஸ்ஸில் இடிபட்டுப் போனேன்.

நானும் சும்மா இல்லை. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் மணிமங்கலம் போய்விடுவேன். கோயில் மண்டபத்துக் கல் குளுகுளு என்று இருக்கும். துண்டை விரித்துப் படுத்தால் அப்படி ஒரு தூக்கம். மூன்று நான்கு தடவை போயிருப்பேன். பெருமாளே கதி என்று ஆகிவிட்டாரே என்று சரோஜா சந்தோஷப்பட்டாள். ஒருநாள் சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன், நர்ஸம்மா வாசல் கேட் அருகே நின்றுகொண்டிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"சாமி கும்பிட்டீங்களா?"

"கும்பிட்டேன்."

"படுத்துக்கிட்டா? கன்னத்துல கல்லு பதிஞ்சிருக்கு."

கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். கரடுமுரடாகத்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சுத்தமாகத் தூக்கம் வரவில்லை. அதற்கும் அந்த அம்மாவைத்தான் திட்டினேன்.

மாத்திரை பாதியாகி, அதிலும் பாதியானபோது எனக்குப் பைத்தியம் பிடித்தது போல ஆனது. கை நடுங்கும். எதற்கெடுத்தாலும் கோபம். கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி உறுத்தும். நர்ஸம்மா டாக்டரிடம் மறுபடி கூட்டிப் போய், குறைக்கிற வேகத்தைக் கொஞ்சம் தளர்த்தி வாங்கி வந்தது. ஆனால் கீரையைத் தளர்த்தவில்லை. கட்டிலைத் தளர்த்தவில்லை. ஒருநாள் காலை, வழக்கமான நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை என்று வந்து கதவைத் தட்டியது. அவ்வளவுதான். வாசலுக்கு வந்து தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"என் வூட்ல குடி இருந்துகினு எனக்கே சட்டம் போட்றியா? காலி பண்ணிக்கினு போ! இன்னைக்கே போ!"

தெருவில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சரோஜா என் கையைப் பிடித்து இழுத்தாள். நர்ஸம்மா மாடிப்படியில் ஒரு கை வைத்தபடி நிதானமாகச் சொன்னது:

"போறோம் அண்ணாச்சி. மூணு மாச நோட்டீஸ்னு நீங்கதான அக்ரிமென்ட்ல எழுதி வாங்கினீங்க? குடுங்க. அதுக்குள்ள தூங்கிருவீங்க."

பஸ்ஸுக்கு நின்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் என்னிடம் தூக்கத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பாலில் ஜாதிக்காய் போடு என்பார்கள், உள்ளங்காலில் எண்ணெய் தேய் என்பார்கள், எல்லோருக்கும் ஒரு கரிசனம் இருக்கும். இந்த அம்மாவிடம் அது கிடையாது. டீக்கடையில் நான் யாரிடமோ என் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பால் வாங்க வந்தது. நின்று கேட்டது. வீட்டுக்கு வந்ததும் சொன்னது:

"இனிமே தூக்கத்தப் பத்தி யாருட்டயும் பேசாதீங்க. தூக்கம் வரலைங்கது உங்களுக்கு நோயா இருந்துச்சு. இப்ப அதுவே உத்தியோகமா ஆயிட்டு."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்குக் கணக்கில்லை. வருஷக் கணக்காக வெந்து கிடந்திருக்கிறேன், அதைப் போய் உத்தியோகம் என்கிறது. ஆத்திரத்தில் டீக்கடைக்குப் போவதையே நிறுத்தினேன்.

எப்போது சரியானது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் காலையில் கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சமாக இருந்தது. ஏ ஷிப்ட் பஸ்கள் எங்கள் முனையில் ஹாரன் அடித்துக்கொண்டுதான் திரும்பும். அந்தச் சத்தம் எதையும் நான் கேட்கவில்லை. சரோஜா பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பயந்துபோய் அவள் மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்த்தேன். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

நர்ஸம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல மனசு இல்லை. ஆனால் வெயிலில் நடந்துவிட்டு வரும்போது மாடியிலிருந்து பார்த்தது. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டது. நல்ல வார்த்தை ஒன்று வரும் என்று நினைத்து நின்றேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"எந்திரிக்கிற நேரத்த மாத்திராதீங்க. ஞாயித்துக்கெழமையும்தான்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப் போடப் போய்விட்டது.

பிறகு சில மோசமான ராத்திரிகளும் வந்தன. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று கூடத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கினதும் போய்ப் படுப்பேன். மாத்திரை முழுக்க நின்றது. டாக்டரே முதுகில் தட்டிக் கொடுத்தார். டீக்கடைக்கு மறுபடியும் போனேன். யாரும் தூங்கினியா என்று கேட்கவில்லை. பேச வேறு விஷயமும் எனக்கு இல்லை.

அந்த அம்மாவின் மகனுக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்ற லாரி வாசலில் நின்றது. "போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்று சரோஜா ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து மாடிக்குத் துரத்தினாள். காலி அறையில் நர்ஸம்மா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. காலி செய்கிற வீட்டை யார் பெருக்குவார்கள்? அது பெருக்கியது.

"நீங்க இல்லன்னா நான் இன்னும் மாத்திரை போட்டுகினு தான் இருந்திருப்பேன்" என்றேன். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

பெருக்குவதை நிறுத்தாமல் சொன்னது: "அதுக்கு எனக்கு எதுக்குப் பழம்? நான் உங்களுக்காகச் செய்யலியே."

அது மூலையைப் பெருக்கிக்கொண்டே தொடர்ந்தது.

"இங்க வந்த புதுசுல குழாயடிக்குப் போனேன். மதினி நின்னுக்கிட்டே தூங்குதா. கொடம் நெறஞ்சு ரோடு பூரா தண்ணி ஓடுது, அவளுக்குத் தெரியல. தோளத் தொட்டேன், பதறிப்போய் 'இதோ டீ போட்றேன்'னா. டீ போட்றேன்னு குழாயடில சொல்லுதா. கையப் பிடிச்சு மேல கூட்டிட்டு வந்து பிரஷர் பாத்தேன். பாத்த எனக்கே பயமாயிட்டு. உங்களத் தூங்க வச்சாத்தான் அவ தூங்குவா. வேற வழி இல்ல. அதான் செஞ்சேன்."

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு முதல் தடவையாக என் கண்ணை நேராகப் பார்த்தது.

"உங்க மேல எனக்கு இரக்கமெல்லாம் கெடையாது அண்ணாச்சி. உங்களுக்கு இரக்கப்படத்தான் ஊரே இருக்கே."

பழத்தை அங்கேயே வைத்துவிட்டு இறங்கி வந்தேன். சரோஜா அடுப்படியில் இருந்தாள்.

"அந்தம்மாகிட்ட என்னப் பத்தி நீ இன்னா சொல்லி வச்ச?"

"நான் இன்னா சொல்லப் போறேன்? ஒண்ணும் சொல்லல."

"பின்ன எப்டி அவ்ளோ பேசுது?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். போகிற போக்கில் சொன்னாள்: "கேட்டாங்க. இத்தினி வருசத்துல என்னிய கேட்ட ஒரே ஆளு அவங்கதான்."

லாரி கிளம்புகிறவரை இரண்டு பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே போகவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மாவிடமிருந்து போன் வரும். சரோஜா மணிக்கணக்கில் பேசுவாள், சிரிப்பாள். என்னிடம் கொடுக்க வந்தால் குளிக்கப் போகிறேன் என்று எழுந்துவிடுவேன். போன மாதம் ஒருநாள் அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அது அவளை எழுப்பிவிடுமே என்று நானே எடுத்துவிட்டேன்.

"அண்ணாச்சியா? மதினி எங்க?"

"தூங்கறா."

"நல்லாத் தூங்குதாளா?"

"தூங்கறா."

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கும் என்று நினைத்துக் காத்திருந்தேன். "சரி, எழுப்பாதீங்க" என்று வைத்துவிட்டது.